எம்ஜிபி வெறும் கூடு: போர்ச்சிலா, பட்டறையிலா?

போன மாதம் என் அக்கா மகன் ஒரு கார் வாங்கினான். கார் என்று சொல்வது கொஞ்சம் தாராளம்தான். 1967-ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டரின், அதாவது தகரக் கூரை இல்லாத பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின், வெறும் கூடு அது. எஞ்சின், கியர்பாக்ஸ், கதவுகள், கண்ணாடி, மீட்டர் என்று மற்றதெல்லாம் தனித்தனியாகக் கிடந்தது. சின்னச் சாமான்கள் பதினோரு அட்டைப்பெட்டிகளிலும் இரண்டு பிஸ்கட் டின்களிலும் இருந்தன. கோலாலம்பூர்ச் செத்தாப்பாக்கில் அவன் வீட்டு வாசலில் லோரி இறக்கிவிட்டுப் போன பிறகு, ஆறு பேர் சேர்ந்து கூட்டைத் தூக்கிப் போர்ச்சுக்குள் வைத்தோம். அக்கா தினமும் கோலம் போடும் இடத்தில் அது போய் உட்கார்ந்தது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அதுவே பயமாக இருந்தது.

அன்று ராத்திரி தே தாரிக் குடிக்கும்போது கேட்டான். "மாமா, இதை நானே வீட்டுல வச்சுச் செஞ்சிரவா, இல்ல கெத்தோக் கடையில விட்டுறவா?"

கெத்தோக் கடை என்றால் இங்கே தகரம் தட்டிப் பெயிண்ட் அடிக்கும் பட்டறை. நானும் ஒரு எம்ஜிபி செய்திருக்கிறேன். அது கூரை உள்ள ஜிடி. "தீபாவளிக்குள்ள ஓட்டிருவேன்" என்று ஆரம்பித்து ஆறாவது தீபாவளிக்கு ஓட்டினேன். அதில் பாதிக்காலம் பட்டறையில், பாதிக்காலம் என் வீட்டில். இரண்டு பக்கமும் அடிபட்டவன் என்பதால் அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இந்த ஊரில் இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்கும் ஆகும்.

எங்கே செய்வது என்பதற்கு முன்னால் ஒரு விஷயம். கிராண்ட், அதாவது காரின் பதிவுப் பத்திரம், கையில் இருக்கிறதா? இல்லையென்றால் மேலே படிக்க வேண்டாம், கூட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பெயர் மாற்றத்துக்கு முன் நடக்கும் பரிசோதனையில் சேசிஸ் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் கிராண்டோடு ஒத்துப் பார்ப்பார்கள். அந்தக் காலத்து எம்ஜிபியில் இந்தச் சேசிஸ் நம்பர் ஒரு சின்னத் தகட்டில், எஞ்சின் அறைக்குள் ரிவெட் அடித்து இருக்கும். எஞ்சின் நம்பரும் அப்படித்தான், பிளாக்கில் ரிவெட் அடித்த தகடு. பழைய பெயிண்டும் துருவும் போகக் காற்றழுத்தத்தில் மணல் அடிக்கும்போதும் புதுப் பெயிண்ட் அடிக்கும்போதும் இந்தத் தகடுகள்தான் முதலில் காணாமல் போகும். அதனால் இருக்கிற இடத்திலேயே வைத்து நாலு கோணத்தில் படம் எடுத்து, கிராண்டோடு சேர்த்து வையுங்கள். என் மருமகனிடம் கிராண்ட் இருந்தது, நம்பரும் ஒத்துப்போனது. சரி, அடுத்த கட்டம்.

எதிரில் ஐந்து வழிகள் இருந்தன. முழுக்க வீட்டில் செய்வது. முழுக்கப் பட்டறையில் கொடுப்பது. ஊருக்கு வெளியே ஒரு கொட்டகை வாடகைக்கு எடுப்பது. பிரிட்டனில் இருந்து புதுக்கூடு வரவழைப்பது. கூட்டை விற்றுவிட்டு ஓடுகிற கார் ஒன்றை வாங்குவது. கடைசி மூன்றையும் சீக்கிரம் முடித்துவிடலாம். உண்மையான போட்டி முதல் இரண்டுக்குத்தான்.

ஓடுகிற காரை வாங்குவதுதான் பணக்கணக்கில் புத்திசாலித்தனம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெறும் கூட்டின் விலை மலிவாகத் தெரியும். ஆனால் உங்கள் பணத்தைத் தின்னப்போவது பெட்டிகளில் இல்லாத சாமான்கள். கதவின் முன்மூலைக் கண்ணாடிச் சட்டம், துணிக்கூரையின் இரும்புச் சட்டம், முன்கண்ணாடித் தூண் இவையெல்லாம் இல்லை என்பது மூன்றாம் வருஷம் பூட்டும்போதுதான் தெரியவரும். வேறொருவர் பிரித்துப் போட்ட காரில் எந்த போல்ட் எங்கே போகும் என்று சொல்ல ஆள் இல்லை. மருமகனிடம் இதைச் சொன்னேன். "ஓட்டணும்னா மைவி கார் இருக்கு மாமா" என்றான். அப்புறம் அந்தப் பேச்சு இல்லை.

புதுக்கூடு உண்மையிலேயே கிடைக்கிறது. 1988-இல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் என்ற நிறுவனம் பழைய தொழிற்சாலை அச்சுகளைத் தேடிப் பிடித்து எம்ஜிபியின் முழுக்கூட்டை மறுபடி செய்ய ஆரம்பித்தது. பின்னால் ரோவர் கம்பெனி எம்ஜி ஆர்வி8 என்று ஒரு காரை விட்டதே, அதற்கும் இந்தக் கூடுதான் அடிப்படை. அதில் பெரும்பகுதி ஜப்பானுக்குப் போனது. ஆக, புதுக்கூட்டில் தரக்குறை ஒன்றும் இல்லை. துருவே இல்லாத கூட்டில் வேலை ஆரம்பிப்பது சொர்க்கம்தான். ஆனால் கப்பல் செலவு, சுங்கம், துறைமுகத்தில் இருந்து இழுத்து வருவது எல்லாம் இருக்கிறது. அதைவிடப் பெரிய விஷயம், புதுக்கூடு எந்த அடையாளமும் இல்லாமல் வரும். பழைய காரின் தகட்டை அதில் மாட்டினால் அது அதே காரா, வேறு காரா? இந்தக் கேள்விக்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயில் எழுத்துமூலம் பதில் வாங்காமல் ஒரு வெள்ளிகூட அனுப்பாதீர்கள். கதவுக்குக் கீழே வரும் சில் பலகை, தரைத்தகடு, மட்கார்ட் என்று துண்டு துண்டாக வரவழைத்து உள்ளூர்க் கூட்டில் வைப்பதில் இந்தத் தலைவலி கிடையாது.

கொட்டகை யோசனையை நான் முயன்றிருக்கிறேன், ரவாங் பக்கம். இடம் தாராளம், கிரைண்டர் சத்தத்துக்கு யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் வேலை முடிந்து, நெரிசலில் போய்ச் சேர எட்டு மணி ஆகிவிடும். ஒரு டிஸ்க் மறந்து வந்திருப்பேன். நாலு மாதத்தில் பதினொரு தடவை போயிருக்கிறேன். வாடகை மட்டும் நாலு மாதமும் சரியாகப் போனது. போர்ச்சில் கார் இருந்தால் சாப்பாட்டுக்கு முன் இருபது நிமிடம் கிடைத்தாலும் ஒரு போல்ட் கழற்றலாம். இந்தச் சின்னச் சின்ன இருபது நிமிடங்கள்தான் காரை முடிக்கின்றன.

இனி பட்டறை.

என் ஜிடியை முதலில் கோலாலம்பூரில் ஒரு பட்டறையில்தான் கொடுத்தேன். பெயர் வேண்டாம். முதலாளி நல்ல மனிதர், கையில் வேலை உள்ளவர். "ஆறு மாசம் அண்ணே" என்றார். முதல் மாதம் போய்ப் பார்த்தேன், கார் முன்வரிசையில் இருந்தது. மூன்றாம் மாதம் பின்வரிசை. ஆறாம் மாதம் அது அலமாரியாகியிருந்தது. போனெட் இருக்க வேண்டிய இடத்தில் யாருடைய விரா காரின் பம்பரோ, உள்ளே புட்டி டின்கள், கூரைமேல் பழைய டயர். அவரைக் குறை சொல்ல முடியாது. இன்சூரன்ஸ் வேலை வந்தால் ஒரு வாரத்தில் முடிந்து கார் வெளியே போகும், இடமும் பணமும் திரும்பும். என் கார் வருஷக்கணக்கில் இடத்தை அடைத்துக்கொண்டு, நான் போய் நின்றால் மட்டும் ஒரு நாள் நகரும். பழைய கார் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் இந்தக் கதையின் ஒரு வடிவம் அவரிடம் இருக்கும்.

பதினான்கு மாதம் கழித்து, "சில் ரெண்டும் மாத்தியாச்சு அண்ணே, பாருங்க" என்று கூப்பிட்டார். பார்க்க அழகாக இருந்தது. சில் என்பது கதவுக்குக் கீழே முன்னிருந்து பின்னால் ஓடும் பெட்டி. எம்ஜிபிக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, கூடே சேசிஸ். அதன் பலமெல்லாம் இந்தப் பெட்டியில்தான். வெளியில் தெரிவது ஒரு தகடு. அதற்குப் பின்னால் நடுத்தகடு ஒன்று, அதற்கும் உள்ளே இன்னொரு தகடு, அடியில் பல்லுப்பல்லாக வளைத்த ஒரு தண்டவாளம். வெளித்தகடு கதவு முடியும் இடத்தோடு நிற்காது. முன்பக்கம் மட்கார்டுக்குப் பின்னாலும், பின்பக்கம் பின்மட்கார்டின் அடியிலும் ஓடும். ஆக, முன்மட்கார்டைக் கழற்றாமல், பின்மட்கார்டின் அடிப்பாகத்தை வெட்டாமல் சில்லை ஒழுங்காக மாற்ற வழியே இல்லை.

எம்ஜிபியின் முன்மட்கார்ட் போல்ட் போட்டுப் பூட்டியது. நான் குனிந்து அந்த போல்ட்களின் தலையைப் பார்த்தேன். பழைய பச்சைப் பெயிண்ட் எல்லா போல்ட் தலையிலும் ஒரு கீறல்கூட விழாமல் அப்படியே இருந்தது. ஸ்பேனர் ஒருதரம்கூடப் படவில்லை. அதாவது, துருப்பிடித்த பழைய சில்லின் மேலேயே ஒரு புதுத்தகட்டைப் போர்த்தி, ஓரத்தில் வெல்டிங் அடித்து, புட்டி தடவி முடித்திருக்கிறார்கள்.

அப்புறம் வீட்டுக்குக் கொண்டுவந்து அந்தப் போர்வையை வெட்டினேன். உள்ளே பழைய துரு மட்டுமா இருந்தது? அதற்கு முன்னால் எந்தக் காலத்திலோ யாரோ ஓட்டைக்குள் செய்தித்தாளைத் திணித்து மேலே பைபர் பூசியிருந்தார்கள். உருவினால் தமிழ் நேசன். தேதி இருந்த மூலை மக்கிப்போயிருந்தது, ஒரு துணிக்கடை விளம்பரம் மட்டும் படிக்க முடிந்தது. ஒரே சில்லில் மூன்று தலைமுறைப் பூச்சு.

இவ்வளவும் சொன்னதால் பட்டறையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முழுக்காரையும் ஒப்படைத்துவிட்டுக் காத்திருப்பதுதான் கூடாது. ஒரு வேலை, ஒரு விலை, ஒரு தேதி என்று கொடுத்தால் அதே பட்டறைக்காரர்கள் தங்கமாகச் செய்வார்கள். பெயிண்ட் விஷயத்தில் அவர்கள் கைக்குப் பக்கத்தில்கூட நாம் நிற்க முடியாது.

வீட்டில் செய்வதென்றால் என்னென்ன பாடு? முதலில் இடம். எம்ஜிபி சின்னக் கார். நீளம் நாலு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, அகலம் ஒன்றரை மீட்டர். 22 அடி அகலமுள்ள வீட்டின் போர்ச்சில் சுற்றி நடக்க இடமிருக்கும். ஆனால் கூட்டைச் சட்டத்தில் மாட்டிச் சுழற்றுவதாக இருந்தால் முன்னும் பின்னும் இன்னும் கொஞ்சம் வேண்டும், கேட் மூடாது. மற்ற சாமான்களுக்கு ஒரு முழு அறை போய்விடும். என் வீட்டில் போனது பூசையறைக்குப் பக்கத்து அறை. ஒரு வருஷம் ஊதுபத்தி வாசத்தில் கியர் ஆயில் கலந்திருந்தது.

அடுத்தது ஈரம். இந்த ஊரில் வேலை செய்பவனுக்கு இதுதான் முதல் எதிரி, மற்றதெல்லாம் பிறகு. கோலாலம்பூரில் வருஷத்துக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மழை இல்லாத நாளிலும் காற்றில் ஈரம் இருக்கும். பெயிண்ட் உரித்துத் தேய்த்து வெள்ளிபோல மின்னும் தகரத்தை ராத்திரி விட்டுவிட்டுப் படுத்தால் காலையில் மெல்லிய காவி படர்ந்திருக்கும். கையால் தொட்ட இடம் விரல்ரேகையோடு துருவாகும். குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய குறிப்புகளில் "முழுக்கூட்டையும் உரித்து வைத்துக்கொண்டு நிதானமாக வேலை செய்" என்று இருக்கும். இங்கே அந்த நிதானம் நடக்காது. உரித்த அன்றே எப்பாக்ஸி பிரைமர், அதாவது ஈரம் புகவிடாத அடிப்பூச்சு, ஏற வேண்டும். சாதாரணச் சாம்பல் பிரைமரை நம்பாதீர்கள், அது ஈரத்தை உறிஞ்சும். புட்டியும் அப்படித்தான். பினாங்கில் ஜெலுத்தோங் பக்கம் ஒரு நண்பர் பழைய கார் ஒன்றைச் செய்கிறார். அங்கே கடற்காற்று வேறு. எங்களுக்கு ஒரு ராத்திரி என்றால் அவருக்கு ஒரு மத்தியானம்தான் கெடு.

மழையோடு சேர்ந்தது கொசு. கூட்டில் தண்ணீர் தேங்க எத்தனை இடம் என்று எண்ணிப் பாருங்கள். தரைக்குழி, சீட்டுக்குப் பின்னால் பேட்டரிப் பெட்டி, ஸ்பேர் டயர்க் குழி. ஏடிஸ் கொசு முட்டையில் இருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். சுகாதார அதிகாரி வந்து புழு இருப்பதைப் பார்த்தால் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி 500 வெள்ளி வரை அபராதம் எழுதலாம். பணம் கிடக்கட்டும், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு டெங்கு வந்தால் எந்த முகத்தோடு நிற்பது? படுதா கட்டுங்கள். தரையின் வடிகால் அடைப்புகளைக் கழற்றிவிடுங்கள். சனிக்கிழமைதோறும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

வெல்டிங் கற்றுக்கொள்ளக்கூடிய வேலைதான். நான் நாற்பத்திரண்டு வயதில் கற்றேன். சில்லின் தகடு சுமார் 1.2 மில்லிமீட்டர், மேல்தகடு சுமார் 0.9. இதற்கு மிக் மெஷின், 0.6 கம்பி, ஆர்கான் கலந்த கேஸ் போதும். ஜாலான் பாசாரில் ஒரு சனிக்கிழமை சுற்றினால் மெஷினைத் தவிர மற்றதெல்லாம் ஒரே பையில் வந்துவிடும். பழகுவதற்கு ஒரு பழைய கஞ்சில் கார்க் கதவை, பழைய கார்களை வெட்டிச் சாமான் விற்கும் பொத்தோங் கடையில் வாங்கி வாருங்கள். அந்தத் தகரம் இன்னும் மெல்லிசு. அதில் ஓட்டை விழாமல் ஒட்டத் தெரிந்துவிட்டால் எம்ஜிபி பயப்பட வேண்டிய விஷயமே இல்லை. நீளமாக இழுக்கக் கூடாது. இங்கே ஒரு பொட்டு, ஒரு ஜாண் தள்ளி ஒரு பொட்டு, ஆறவிட்டு நடுவில் ஒரு பொட்டு. அவசரப்பட்டால் தகடு அப்பளம்போல் நெளியும். மெஷினுக்குச் சாதாரண 13 ஆம்பியர் பிளக் போதாமல் அடிக்கடி கட்டாகும். வயர்மேனைக் கூப்பிட்டுத் தனிப் பாயிண்ட் எடுத்துவிடுங்கள்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத கஷ்டம் ஒன்று உண்டு. வெல்டிங் அடிக்கும்போது மின்விசிறி போடக் கூடாது. காற்றில் கேஸ் கலைந்தால் ஒட்டிய இடமெல்லாம் பணியாரம்போல் பொத்தல் பொத்தலாகும். மத்தியானம் இரண்டு மணி, தகரக் கூரையின் கீழ், தோல் கையுறை, முகமூடி, முழுக்கைச் சட்டை, விசிறி கிடையாது. ஆறு மாதத்தில் ஐந்து கிலோ குறைந்தேன். முடித்த பிறகு அதற்கு மேலேயே திரும்பிவிட்டது.

கிரைண்டர் சத்தத்துக்கு அண்டை வீட்டாரோடு முன்னாடியே பேசி வையுங்கள். எங்கள் பக்கத்து வீட்டுச் சீன அங்கிளிடம் காலை பத்துக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும் தொடமாட்டேன் என்று சொன்னேன். மூன்றாம் மாதம் அவரே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார். நாலாம் மாதம் யோசனை சொல்ல ஆரம்பித்தார்.

ஆனால் ஒரு வேலையை மட்டும் போர்ச்சில் செய்யவே கூடாது. இறுகவைக்கும் ஹார்டனர் கலந்த பெயிண்டை ஸ்ப்ரே அடிப்பது. அதில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. மூச்சுக்குள் போனால் ஆஸ்துமா வரலாம். ஒருதரம் உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால் அப்புறம் துளி பட்டாலும் இழுக்கும். சாதாரண முகக்கவசம் இதற்கு உதவாது, வெளியில் இருந்து குழாயில் நல்ல காற்று வரும் கவசம் வேண்டும். சுவரோடு சுவர் ஒட்டிய லிங்க் வீட்டில் நீங்கள் கவசம் போட்டுக்கொள்ளலாம், சுவருக்கு அந்தப் பக்கம் துணி காயப்போடும் அம்மா என்ன செய்வார்? அவருக்கு ஆபத்து, அவர் வீட்டு வெள்ளைக் கார்மேல் பச்சைத்தூள் மழை, உங்கள் பெயிண்டில் ஈசல். எல்லாருக்கும் நஷ்டம்.

மணல் அடிப்பதும் வெளியே கொடுக்க வேண்டியதே. வீட்டுக் கம்ப்ரெஸருக்கு அந்தத் திராணி கிடையாது. சாதாரண மணல்தூள் நுரையீரலைக் கெடுக்கும் என்பதால் அதற்குப் பதில் கார்னெட் கல்தூள் போட்டு அடிக்கும் இடமாகப் பாருங்கள். போனெட், கதவு மாதிரி அகலமான தகடுகளைக் கொடுக்காதீர்கள், நெளித்துவிடுவார்கள். மருமகனின் காரில் போனெட் அலுமினியம், அதை நினைக்கவே வேண்டாம். இவற்றுக்கு உரிக்கும் மருந்தும் பொறுமையும் போதும். முழுக்கூட்டையும் அமிலத்தில் முக்கி எடுப்பார்கள் என்று யாராவது சொன்னாலும் போகாதீர்கள். மடிப்புகளுக்குள் தங்கிய அமிலம், பெயிண்ட் அடித்து ஒரு வருஷம் கழித்துக் கண்ணீர்போல் வழியும்.

இந்தக் கணக்கெல்லாம் எம்ஜிபிக்கு. ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயராக இருந்தால் வீட்டில் செய்வது இன்னும் சுலபம். மேற்கூட்டைத் தூக்கிவிட்டால் கீழே தனிச் சேசிஸ், ஒரு பெரிய தொல்லை இரண்டு சின்னத் தொல்லையாகிவிடும். அறுபதுகளின் லோட்டஸ் எலானுக்கு பைபர் உடம்பு, நடுவில் முதுகெலும்பு மாதிரி ஓர் இரும்புச் சேசிஸ். உடம்பு துருப்பிடிக்காது. 1996-இல் ப்ரோட்டோன் லோட்டஸை வாங்கியபோது எனக்கும் ஒரு எலான்மேல் ஆசை வந்தது. விலை கேட்டேன், ஆசை போய்விட்டது.

ஆக, மருமகனுக்கு நான் சொன்னது இதுதான். பட்டறையா வீடா என்று காரைக் கேட்காதே, ஒவ்வொரு வேலையையும் தனித்தனியாகக் கேள். கூட்டை முதலில் வீட்டிலேயே கம்பி போட்டு விறைப்பாக்கு. அப்புறம் லோரியில் ஏற்றி மணல் அடிக்கும் இடம். காலையில் கொண்டுபோனால் இருட்டுவதற்குள் எப்பாக்ஸி பிரைமர் ஏறியிருக்க வேண்டும். பிரைமரும் ஆளும் தயாராக இல்லாத நாளில் கொண்டுபோகாதே. பிரைமர் ஏறிவிட்டால் ஈரத்தின் கெடு நின்றுவிடும், அதற்குப் பிறகு நீ நிதானமாக இருக்கலாம். போர்ச்சுக்குத் திரும்பி, வெட்டும் இடத்தில் மட்டும் பிரைமரைத் தேய்த்து, தகரவேலை முழுவதையும் நீயே செய். எல்லா ஓட்டையும் அடைத்த பிறகு இரண்டாவது முறை லோரி, பெயிண்ட் கடைக்கு. பெயிண்ட் காய்ந்து வந்ததும் பெட்டிகளுக்குள் மெழுகு அடித்துவிட்டு, பூட்டுகிற வேலையை வீட்டில்.

தகரவேலையை ஏன் நாமே செய்ய வேண்டும்? அதுதானே கஷ்டம், அதைத்தானே வெளியே கொடுக்க வேண்டும் என்று மருமகன் கேட்டான். நியாயமான கேள்வி. பெயிண்ட் நன்றாக இல்லையென்றால் வெளியில் நின்று பார்த்தாலே தெரியும், திருப்பிக் கொடுக்கலாம். சில்லுக்குள் என்ன செய்தார்கள் என்பது மூடிய பிறகு தெரியாது. தெரியாத வேலைக்கு மணிக்கணக்கில் கூலி கொடுக்க வேண்டும். என் ஜிடியில் தகரவேலைக்கு மட்டும் நான் எழுதி வைத்த கணக்கு 410 மணி நேரம். இதைக் கூலி வைத்து எவனாலும் ஒழுங்காகச் செய்துதர முடியாது, பட்டறைக்காரருக்கும் கட்டாது. அவர் போர்வை போட்டதற்கு அதுதான் காரணம் என்று எனக்கு ரொம்பத் தாமதமாகப் புரிந்தது.

போர்ச்சுக்கு மேல் கூரை இல்லாதவர்களும், கைக்குழந்தை உள்ள வீட்டுக்காரர்களும் மேலே சொன்னதைச் செய்ய வேண்டாம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், அந்தத் தூள் தவழும் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு ஆகாது. அப்படிப்பட்டவர்கள் தகரவேலையையும் வெளியே கொடுங்கள். ஆனால் இடது சில் ஒரு விலை, வலது சில் ஒரு விலை என்று பிரித்து, மூடுவதற்கு முன் படம் அனுப்பினால்தான் அடுத்த பணம் என்று பேசிக்கொண்டு கொடுங்கள். மட்கார்டைக் கழற்றி நீங்களே வீட்டில் வைத்துக்கொண்டு கூட்டை அனுப்புவது இன்னும் நல்லது.

மருமகன் ஒத்துக்கொண்டான். ரோட்ஸ்டருக்குத் தகரக் கூரை கிடையாது, அதனால் சில்லை வெட்டினால் கூடு நடுவில் தொய்ந்துவிடும். தொய்ந்த நிலையில் புதுச் சில்லை ஒட்டினால் ஆயுசுக்கும் கதவு மூடாது. வெட்டுவதற்கு முன் கதவுகளைக் கீலில் மாட்டி, மூடி, சுற்றிலும் இடைவெளி சமமாக இருப்பதைப் பார்த்துவிட்டு, கதவுத் திறப்பின் குறுக்கே கம்பி வெல்டிங் அடிக்க வேண்டும். இடைவெளி பார்க்க நான் பத்து சென் காசை வைத்துக்கொள்வேன். மூன்று காசு சேர்த்து நுழைந்தால் சரி.

போன ஞாயிற்றுக்கிழமை காலை போன் பண்ணினான். பின்னால் அக்கா யாரிடமோ கோலத்தைக் கேட்டுக்கு வெளியே தள்ளிப் போடச் சொல்லும் சத்தம் கேட்டது.

"மாமா, கதவு மாட்டியாச்சு. கீழ மூணு காசும் நுழையுது. மேல பின்பக்கம் ரெண்டே இறுக்கமா இருக்கு. கம்பிய வெட்டி வச்சுட்டேன், வெல்டிங் அடிச்சிரவா?"

"அடிக்காதடா. அது ஏற்கெனவே தொஞ்சு போயிருக்கு. நடுவுல ஜாக் வச்சு, கட்டைய குறுக்க போட்டு, ஒரு ஒரு சுத்தா ஏத்து. மேலயும் மூணாவது காசு நுழையுற வரைக்கும். நான் வர்றேன்."